கை நனைக்காத அற்புதசாமி

மேலப்புதூரில் யாராவது பெண் பார்க்கவோ, மாப்பிள்ளை பார்க்கவோ, மனை பார்க்கவோ, பழைய ஸ்கூட்டர் பார்க்கவோ கிளம்பினால் அற்புதசாமி சாரையும் ஆட்டோவில் ஏற்றிக்கொள்வது வழக்கம். வாங்குவதற்காக அல்ல, வாங்காமல் இருப்பதற்காக. எதிலும் குறை கண்டுபிடித்துவிடுவார் என்பது ஊரறிந்த விஷயம். வீட்டுக்குத் திரும்பி வந்து, "எங்களுக்கு முழுச் சம்மதம்தாங்க, சாமி சாருக்குத்தான் என்னமோ..." என்று இழுத்தால் போதும். பழி அவர் மேல், உறவு பத்திரம். இந்த ஏற்பாட்டில் எல்லோருக்கும் லாபம் இருந்தது. அவருக்குப் பெருமை மட்டும் இருந்தது.

அவருக்கென்று ஒரு தர்மமும் உண்டு. பார்க்கப் போன வீட்டில் கை நனைக்க மாட்டார். உட்கார்ந்து கை நனைத்துச் சாப்பிட்டுவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். நனைத்த கையோடு எழுந்து நின்று வேண்டாம் என்பது மரியாதை இல்லை. ஆகவே கேசரி வந்தாலும் மிக்சர் வந்தாலும் "சுகர்" என்ற ஒரே வார்த்தையில் தட்டைத் தள்ளி வைப்பார். மிக்சருக்கும் சுகருக்கும் என்ன சம்பந்தம் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. அவருக்குச் சுகரும் கிடையாது. அவருடைய சொந்தக் கல்யாணத்துக்கே பெண் வீட்டில் கை நனைத்தது அவரல்ல, கூடப் போன, பசி தாங்காத சித்தப்பாதான். சித்தப்பா இறந்த நாளில் மனைவி ரோசரி ஆண்டுதோறும் பூசை வைக்கிறார். அது நன்றிக்கா வருத்தத்துக்கா என்பது அவருக்கும் ஆண்டவருக்கும்தான் வெளிச்சம்.

ரோசரி தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த வீட்டில் நாற்காலி முதல் ஃப்ரிட்ஜ் வரை எல்லாமே அவர் கணவரிடம் சொல்லாமல் வாங்கியவை. சொல்லியிருந்தால் இன்றைக்கும் தரையில்தான் உட்கார்ந்திருப்பார்கள். மகள் ஆஷ்லி, அப்பா தள்ளிய வரன்களைப் பார்த்து அலுத்து, அப்பா கண்ணில் காட்டாமலே ஒருவரை முடிவு செய்துகொண்டு டொரண்டோவில் இருக்கிறாள். தண்ணீர் நிற்கும் என்று அவர் வேண்டாமென்று சொன்ன சமயபுரம் ரோட்டு மனையில் இப்போது ஒரு லாட்ஜ் நிற்கிறது. தண்ணீரும் நிற்கிறது என்பார் அவர்.

இப்படிப்பட்ட மனிதர் ஓய்வுபெற்ற பிறகு ஒன்றின் மேல் ஆசைப்பட்டார்.

ஆசைக்குக் காரணம் பழைய மாணவன் ஒருவன் அனுப்பிய போட்டோ. "சார், உங்க ஆக்சலாட்டல் ஸ்ரீரங்கத்துல கெடைக்குது" என்று எழுதியிருந்தான். அற்புதசாமி நகரத்துக் கல்லூரி ஒன்றில் விலங்கியல் பேராசிரியராக இருந்தவர். வேலைக்குச் சேர்ந்த வருஷம் முதல் ஓய்வு பெற்ற வருஷம் வரை ஆக்சலாட்டலைப் பாடம் நடத்தினார். மெக்சிகோ நாட்டு ஏரிகளில் வாழும், பல்லி உருவத்து நீர்ப்பிராணி. தவளைக்குத் தூரத்துச் சொந்தம். தலைப்பிரட்டைப் பருவத்துச் செவுள்களை உதிர்க்காமல், வளர்ந்தும் வளராத கோலத்திலேயே குடும்பம் நடத்திப் பிள்ளை பெறும் விலங்கு. இதைச் சொல்லும்போது கடைசி பெஞ்ச் யாரையாவது திரும்பிப் பார்த்துச் சிரிக்கும். ஆய்வகத்தில் ஃபார்மலின் பாட்டிலுக்குள் ஒன்று விறைத்துக் கிடந்தது. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அதைப் பார்த்து ரெக்கார்டு நோட்டில் வரைந்து, 'நிறம்: வெண்மை' என்று எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கிப் போனார்கள். உயிரோடு இருக்கும் காட்டு வகையின் நிறம் கருங்கல்லும் பாசியும் கலந்தது என்பதும், வெண்மை ஃபார்மலின் கொடுத்த நிறம் என்பதும் அந்தப் போட்டோவைப் பார்த்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. தப்பான விடைக்கு மார்க் போட்டதைவிட, உயிருள்ள ஒன்றைக்கூடப் பார்க்காமல் ஓய்வு பெற்றுவிட்டதுதான் மனதைக் குடைந்தது.

ஒன்று வேண்டும். கருப்பாக, உயிரோடு, தன் வீட்டில். ரோசரி மறுப்புச் சொல்லாமல், வழக்கம்போல் அவரிடம் சொல்லாமலே, தொட்டி வாங்கி ஆஷ்லியின் அறையில் வைத்தார். வீட்டில் ஏசி இருந்தது அந்த ஒரு அறையில்தான். திருச்சி வெயிலில் மனிதர்களுக்கு என்று ஒருநாளும் போடாத ஏசி, பதினெட்டில் ஓட ஆரம்பித்தது. அந்தப் பிராணிக்கு வெந்நீர் ஆகாது. திருச்சிக் குழாய்த் தண்ணீருக்குப் பங்குனி முதல் வேறு பெயர் கிடையாது.

அவருக்குப் பயமெல்லாம் தன் மேல்தான். குறை ஏதும் கண்ணில் படாமல் இருக்க வேண்டுமே என்று வாழ்க்கையில் முதல் தடவையாக வேண்டிக்கொண்டார். பட்டுவிட்டால் வேண்டாம் என்று சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருக்கத் தன்னால் முடியாது என்பது அவருக்கே தெரியும்.

தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு காவிரிப் பாலத்தைக் கடந்தார். அன்று ஒருசந்தி, அதாவது ஒருவேளைச் சாப்பாட்டு விரதம். பார்க்கப் போகும் இடத்தில் சாப்பிடாமல் இருக்க அன்றைக்குப் பொய் சொல்ல வேண்டியதில்லை என்பது கூடுதல் வசதி.

வளர்ப்பவர் வீடு அம்மாமண்டபம் ரோட்டில், இரண்டாவது மாடி. கதவைத் திறந்தவர் நெற்றியில் மாத்வ பிராமணர்களின் கரிக்கோடு, கன்னத்தில் கோபிசந்தன முத்திரை. பெயர் பீமராவ். வீட்டுக்குள் மராத்தி, வாசலுக்கு வந்தால் தமிழ். வங்கியில் கடன் பிரிவு அதிகாரியாக இருந்து, கேட்டவர்களுக்கெல்லாம் இல்லை என்று சொல்லி ஓய்வு பெற்றவர். வெங்காயமே ஏறாத அந்த வீட்டுக்குள் ஆக்சலாட்டல் ஏறியது மகனால். பெங்களூரில் ஆசையாக ஒரு ஜோடி வாங்கினான், வெளிநாட்டு வேலை கிடைத்ததும் அப்பாவிடம் விட்டுவிட்டுப் போனான். அவன் போன மாதமே அவை முட்டையிட்டன. ராவ் எந்த உயிரையும் சாகவிடுவதில்லை என்று முடிவெடுத்தார். அப்புறம் அவற்றுக்கு ஆகாரமாகப் பால்கனித் தொட்டியில் மண்புழு வளர்க்க ஆரம்பித்தார். இரண்டு முடிவுகளுக்கும் நடுவில் இருக்கும் முரண்பாடு அவருக்குத் தெரியாமல் இல்லை. மண்புழுவைக் கழுவும்போது மட்டும் ஏதோ ஸ்லோகம் முணுமுணுப்பார்.

குளிரூட்டிய அறையில் சுவரோரம் தொட்டிகள். இரண்டாவது தொட்டியில் அது இருந்தது. கருப்பு. அடிமணலில் நான்கு காலையும் ஊன்றி, ரிட்டயர் ஆனவர்களின் நிதானத்தோடு எதிரே பார்த்துக்கொண்டிருந்தது. அற்புதசாமி மூக்கு கண்ணாடியில் இடிக்கும் வரை குனிந்தார். உடனே கனைத்துக்கொண்டு தொழிலில் இறங்கினார்.

தலைக்கு இருபுறமும் மும்மூன்று செவுள் கொம்புகள், அவற்றில் இறகு மாதிரி அடர்ந்த இழைகள். முன்பக்கமாக வளைந்திருந்தால் அதற்கு ஏதோ சரியில்லை என்று பொருள். வளையவில்லை. வால் நுனி கொக்கி போட்டிருந்தால் மன உளைச்சல். நேராக இருந்தது. வயிறு தலையின் அகலத்துக்கு இருக்க வேண்டும், இளைத்தால் பட்டினி, உப்பினால் மலச்சிக்கல். சரியாக இருந்தது. தோலில் பஞ்சு ஒட்டியது போன்ற பூஞ்சை இல்லை. மேலே மிதந்து தத்தளிக்கவில்லை. சொந்தத்துக்குள்ளேயே கலந்து கலந்து பிறந்தவை சீக்காளியாக இருக்கும் என்று படித்திருந்ததால், தாய் தகப்பன் பற்றி விசாரித்தார்.

"ரெண்டும் வேற வேற இடத்துலேர்ந்து வந்தது சார், விசாரிச்சுட்டேன். ஒரே கோத்திரம் இல்லை" என்றார் ராவ்.

குறை இல்லை. அற்புதசாமி முதலிலிருந்து இன்னொரு முறை பார்த்தார். குறையே இல்லாத ஒன்றை அவர் இதுவரை பார்த்ததில்லை, ஆகவே தான் எதையோ தவறவிடுகிறோம் என்ற சந்தேகம் வந்தது. தண்ணீர் எவ்வளவு குளிர்ச்சி என்று பார்க்கக் கையைத் தொட்டிக்குள் விடப் போனார்.

"கை நனைக்காதீங்கோ சார்" என்றார் ராவ். "மடி."

நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. மடி என்றால் தீட்டுப்படாத சுத்தம் என்பதும், அந்தத் தெருவில் அதை யாரைப் பார்த்துச் சொல்வார்கள் என்பதும் மேலப்புதூர்க்காரருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கையைப் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டார். முகத்தில் ஒன்றும் காட்டாமல், சாப்பிடுவதைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் கேட்டார். எல்லாச் சோதனையிலும் பெரியது அது. சீக்குப் பிடித்த பிராணி நிற்கும், நடக்கும், தீனி மட்டும் எடுக்காது.

"இன்னிக்கு ஏகாதசி சார்."

"உங்களுக்கு."

"ஆத்துல எல்லாருக்கும்தான்."

வளர்ந்த ஆக்சலாட்டலுக்கு இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை தீனி போதும், ஒருநாள் பட்டினி நல்லதுதான் என்று ராவ் விளக்கினார். விலங்கியல்படி அது சரி என்பது அற்புதசாமிக்கும் தெரியும். ஆனால் தீனி எடுக்காத பிராணியைத் தலையில் கட்ட இதைவிட அழகான சாக்கை எந்த வியாபாரியும் கண்டுபிடித்திருக்க முடியாது என்றும் தோன்றியது. சொட்டுத் தண்ணீர் குடிக்காத ராவ், ஒருசந்தி இருந்த பேராசிரியர், உபவாசத்தில் இருந்த ஆக்சலாட்டல், மூவரும் சற்று நேரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து ரோசரியிடம் இரண்டையும் கொட்டினார். விரதமென்று ஏமாற்றுகிறான், மடியென்று அவமானப்படுத்துகிறான்.

"காலைலேர்ந்து நீங்க என்ன சாப்டீங்க?" என்று கேட்டார் ரோசரி.

"ஒருசந்தியாச்சே."

"அப்ப உங்களையும் சீக்காளின்னு யாராச்சும் திருப்பி அனுப்பிடலாம்ல."

அப்படியானால் அதை விட்டுவிடுங்கள், ஊரில் வேறு பிராணியா இல்லை என்றும் சொல்லிப் பார்த்தார். அற்புதசாமி சுவரில் தொங்கிய மாதாகோயில் காலண்டரைப் பார்த்தார். அதில் ஏகாதசி போடவில்லை. பக்கத்துக் கடைக்குப் போய் நாட்காட்டியைப் புரட்டி, நாளைக்கு எத்தனை மணியிலிருந்து துவாதசி என்று தெரிந்துகொண்டு வந்தார். அவமானப்பட்டவர் செய்கிற காரியம் இல்லை அது.

மறுநாள் விடிந்ததும் ராவ் வீட்டு வாசலில் நின்றார். ராவ் குளித்து, பூஜை முடித்து, இலை போடும் நேரம். ஏகாதசிக்கு மறுநாள் காலையில் விரதம் முடித்துச் சாப்பிடுவதைப் பாரணை என்பார்கள். பசித்த வாயோடு காத்திருந்தாலும் ராவ் முகம் சுளிக்கவில்லை. வாயில்லா ஜீவன் முதலில் என்று சொல்லி, மண்புழு ஒன்றை இடுக்கியில் எடுத்துக்கொண்டு அறைக்குள் வந்தார்.

புழு அதன் மூக்குக்கு எதிரே இறங்கியது. ஆக்சலாட்டல் யோசித்தது. அடுத்த கணம் 'டப்' என்று மெல்லிய சத்தம். வாயைத் திறந்ததை யாரும் பார்க்கவில்லை, இடுக்கியில் புழு இல்லை. இன்னொன்று. அதுவும் இல்லை. செவுள்கள் சிவந்து சிலிர்த்தன. சீக்குப் பிடித்தது இந்த வேகத்தில் சாப்பிடாது. ஒருசந்தி முடித்த மறுநாள் காலையில் தான்கூட இப்படித்தான் இட்லியைப் பார்ப்போம் என்று நினைத்துக்கொண்டார்.

அப்போது ராவின் மனைவி சுசீலா பாய் ஈரம் காயாத மடிப்புடவையோடு உள்ளே வந்து, தொட்டி விளிம்பில் கையை ஊன்றிக்கொண்டு, இலை போட்டாயிற்று என்றார்.

"தள்ளி நில்லு, தண்ணில கை பட்டுடப் போறது. மடி" என்றார் ராவ்.

"நானே மடிதான்."

"உன் மடி வேற, அதோட மடி வேற."

கையில் சோப்பு இருக்கும், எண்ணெய் இருக்கும், உப்பு இருக்கும். அது தோலாலும் சுவாசிக்கிற பிராணி. ராவ் தன் கையையே வெறும் தண்ணீரில் முழங்கை வரை கழுவிய பிறகுதான் உள்ளே விடுவார். இதெல்லாம் அற்புதசாமி எம்.எஸ்ஸி.யில் படித்தது. தோல் சுவாசம் என்று அவர் சொல்லியிருப்பார், ராவ் மடி என்றார், அவ்வளவுதான். ஓர் இரவு முழுக்கப் பத்திரமாகக் காப்பாற்றி வைத்திருந்த அவமானம் கையைவிட்டு நழுவியதில் அவருக்குச் சற்று ஏமாற்றமாகக்கூட இருந்தது.

ஏமாற்றத்தை அனுபவிக்க நேரமில்லை. சுசீலா பாய் ஹாலில் இன்னொரு இலை போட்டுவிட்டு, கை நனைத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டார். அற்புதசாமி பழக்கதோஷத்தில் "சுகர்" என்றார்.

சுசீலா பாய் முகம் மலர்ந்தது. "அப்போ அவசியம் சாப்பிடணும். துவாதசிக்கு அகத்திக்கீரையும் நெல்லிக்காய்ப் பச்சடியும்தான். சுகருக்கு இதைவிட மருந்து கிடையாது."

இத்தனை காலமும் ஒரே ஒரு சாக்கை வைத்துப் பிழைத்தவரிடம் இரண்டாவது சாக்கு கைவசம் இல்லை. இலையைப் பார்த்தார், அறைக் கதவைப் பார்த்தார். அவர் நிற்கிற நிற்பை ராவ் பார்த்துக்கொண்டிருந்தார். கடன் கேட்க வந்தவர்களின் முகத்தைப் படித்தே காலம் தள்ளியவர்.

"பிடிக்கலேன்னா தாராளமா சொல்லிடுங்கோ சார். திருவானைக்காவல்லேர்ந்து ஒருத்தர் இதே கருப்பைத்தான் கேட்டிண்டிருக்கார்."

குறை ஒன்றும் அகப்படவில்லை. இன்னும் கொஞ்சம் நின்றால் அகப்பட்டுவிடும் என்று அற்புதசாமிக்குத் தெரியும். எப்போதும் அகப்பட்டிருக்கிறது. விடுவிடென்று போய்க் கையைக் கழுவிக்கொண்டு இலைமுன் உட்கார்ந்தார். அகத்திக்கீரை கசந்தது. இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிக்கொண்டார். எழுந்து, வாயைத் துடைத்துக்கொண்டு, தனக்குச் சம்மதம் என்றார். அந்த வார்த்தை அவர் வாயில் புதுச்செருப்பு மாதிரி கடித்தது.

"உங்களுக்குச் சம்மதம், சரி" என்றார் ராவ். "நாங்க இன்னும் உங்காத்தைப் பார்க்கலையே."

பெண்ணைப் பார்த்துவிட்டுப் போனால் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வருவார்கள் என்பதை, பார்த்த எந்த இடத்திலும் சம்மதம் சொல்லியே இராத அற்புதசாமி மறந்துபோயிருந்தார். ராவ் பார்க்க விரும்பியதும் வெயில் உச்சியில் இருக்கும் மத்தியானத்தில்தான். குளிர்ச்சியைக் காலையில் சோதிப்பது கடன் கேட்பவரைச் சம்பளத்தன்று சோதிப்பது போல என்றார்.

வந்தார். மேலப்புதூர் வீட்டில் அற்புதசாமி வேர்த்து விறுவிறுத்து நின்றார். வாழ்நாளெல்லாம் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தவருக்கு இந்தப் பக்கம் இவ்வளவு சூடாக இருக்கும் என்று தெரியாது. ரோசரி காப்பி கொண்டுவந்தார். ராவ் தட்டைப் பார்த்து, மிகுந்த மரியாதையோடு, "சுகர்" என்றார். அற்புதசாமி அந்தக் குரலைக் கூர்ந்து கேட்டார். சுகர் இல்லாத மனிதரின் சுகர். இத்தனை சுத்தமாக அவரே சொன்னதில்லை.

ராவ் ஆஷ்லி அறையில் சுற்றிச் சுற்றி வந்தார். அடியில் கூழாங்கல் இருந்தால் விழுங்கிவிடும், மணல்தான் இருந்தது. தண்ணீர் வேகமாக ஓடினால் ஆகாது, மெதுவாகவே ஓடியது. வெளிச்சம் நேரே விழவில்லை, ஒளிந்துகொள்ள ஒரு மண்சட்டி கவிழ்த்திருந்தது. கரன்ட் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். ரோசரி ஃப்ரீசரைத் திறந்து காட்டினார். வஞ்சிரமும் கோழியும் இருந்த இடத்தில் வரிசையாக உறைந்த தண்ணீர் பாட்டில்கள். வஞ்சிரத்தைப் பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜுக்குக் குடிமாற்றியாகிவிட்டது என்றார். ராவுக்கு அந்தச் செய்தி இரண்டு விதத்தில் திருப்தியாக இருந்ததாகத் தோன்றியது.

கடைசியாக ஒரு கேள்வி. "நீங்க ரெண்டு பேரும் ஊருக்குக் கீருக்குப் போனா?"

"இவரு எங்கேயும் போக மாட்டாருங்க" என்றார் ரோசரி. "எல்லா ஊர்லயும் ஒரு குறை இருக்கு."

ராவ் அற்புதசாமியை முதல் முறையாகச் சக மனிதராகப் பார்த்தார். பிறகு குழாயடிக்குப் போய், சோப்பைத் தொடாமல், வலது கையை நிதானமாகக் கழுவினார். காப்பியைத் தொடாத கை தொட்டித் தண்ணீருக்குள் முழங்கை வரை இறங்கியது. கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். அற்புதசாமி ரோசரியைப் பார்த்தார். ரோசரி கூரையைப் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமை காத்தால வெயிலுக்கு முன்னாடி வந்து எடுத்துண்டு போங்கோ" என்றார் ராவ்.

வெளிநாட்டுப் பிராணி வளர்ப்பதற்கான பதிவுச் சான்று முதல் அதன் நகல் வரை ஃபைலோடு கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை, முதல் பூசைக்குப் போகாமல், ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, அற்புதசாமி ஆட்டோவில் பாலத்தைக் கடந்தார். டிரைவரிடம் பள்ளத்தில் விடாதே என்று வழியெல்லாம் சொன்னதைத் தவிர வேறு எதிலும் அவர் குறை சொல்லவில்லை.

அது மண்சட்டிக்குள் போய்விட்டு வந்தது, மணலில் உட்கார்ந்தது, போட்ட புழுவை 'டப்' என்று எடுத்தது. மேலப்புதூரில் கோடையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஜெபமாலை சொல்லும் ஒரே பெண்மணி ரோசரியாகத்தான் இருக்கும். ஒரு சாயங்காலம் ஜெபமாலை மணியைப் பிடித்த விரல் அப்படியே நிற்க, கண்ணாடியருகே குனிந்தார்.

"ஏங்க, இங்க வாங்க. இந்த முன்னங்கால்ல நாலு வெரலு. அந்தப் பக்கத்து முன்னங்கால்ல எண்ணுங்க."

அற்புதசாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். ஐந்து. முன்னங்காலில் நான்கு, பின்னங்காலில் ஐந்து என்று தலைமுறை தலைமுறையாக எழுத வைத்தவர் அவர். சின்ன வயதில் கூடப் பிறந்தது கடித்துத் துண்டித்திருக்கும். திரும்ப முளைக்கும்போது ஒன்று கூடுதலாக முளைத்துவிட்டது. செவுள் பார்த்தார், வால் பார்த்தார், வயிறு பார்த்தார், கோத்திரம்கூடப் பார்த்தார். விரலை எண்ணவில்லை.

"ராவ் சாருக்கு ஒரு போன் போட்டுச் சொன்னா திருப்பி எடுத்துக்குவாரு" என்றார் ரோசரி, முகத்தை மிகவும் சாதாரணமாக வைத்துக்கொண்டு.

ஆக்சலாட்டல் அந்தக் காலை மணலில் மெல்ல எடுத்து வைத்தது. அற்புதசாமி அறைக்கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தார்.

"சத்தமா எண்ணாத" என்றார்.